கையெழுத்துப் போடாத ஜாமீன்கள்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. எதிர்முனையில் இருப்பவர் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்கிறார். முன்பு உங்களோடு வேலை பார்த்த ஒருவரின் பெயரையும் சொல்கிறார். அவர் ஆப் மூலம் கடன் வாங்கியிருக்கிறாராம், தவணை தாண்டிவிட்டதாம், உங்களை ‘ரெஃபரன்ஸ்’ கொடுத்திருக்கிறாராம், நீங்கள்தான் பேசிக் கட்டவைக்க வேண்டுமாம். நீங்கள் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. அந்த நண்பரும் உங்கள் பெயரை எங்கும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். அவருடைய போனில் உங்கள் நம்பர் கிடந்தது, அவ்வளவுதான்.

இப்படி ஓர் அழைப்பைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இன்று தமிழ்நாட்டில் குறைவு. 2020 ஊரடங்கில் வருமானம் நின்றுபோன குடும்பங்களைக் குறிவைத்துப் பெருகியவை இந்த உடனடிக் கடன் செயலிகள். அவற்றின் வட்டியைப் பற்றியும் மிரட்டலைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. கடன் வாங்காத நீங்கள் எப்படி அதற்குள் இழுக்கப்பட்டீர்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஸ்மார்ட்போன் தனியுரிமை என்றாலே ‘என் போன், என் தரவு, என் விருப்பம்’ என்று பேசிப் பழகிவிட்டோம். ஆனால் போனில் இருப்பதில் பாதி அடுத்தவருடையது. தொடர்புப் பட்டியல் முழுக்க முழுக்க அடுத்தவருடையது. அதைக் கொடுக்கலாமா என்று போன் உங்களிடம் கேட்கிறது. பட்டியலில் இருப்பவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

ஏழு நாள் கடன்

முதலில் அந்தச் செயலிகள் வேலை செய்த விதம். 5,000 ரூபாய் கேட்டால், ‘பிராசஸிங் ஃபீஸ்’ என்று ஒரு பெருந்தொகையை முன்கூட்டியே கழித்துக்கொண்டு மூவாயிரத்துச் சொச்சம்தான் கணக்கில் ஏறும். ஏழே நாளில் முழு ஐயாயிரத்தையும் கட்ட வேண்டும். ஊர்ப்பக்கம் மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று சொல்வதெல்லாம் இதற்கு முன்னால் சாதுவாகத் தெரியும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் மனதில் வைத்திருந்தது கண்ணுக்குத் தெரியும் ஒரு வட்டிக்காரரை. அவருக்கு ஒரு வீடு, ஒரு பைக், ஒரு நோட்டு இருக்கும். செயலிக்கு முகவரியே இல்லை.

வட்டிக்காரருக்கும் செயலிக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. ஈடு இல்லாமல் பணம் கொடுப்பவர் ஜாமீன் கேட்பார். ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன் யோசிப்பார், வீட்டில் கேட்பார், சில சமயம் மறுத்துவிட்டு அந்த உறவே முறிந்துபோகும். செயலி ஜாமீன் கேட்கவில்லை. கான்டாக்ட்ஸைத்தான் கேட்டது. கடன் வாங்கியவருக்குத் தெரியாமலேயே அவருடைய அம்மா, மச்சான், மேனேஜர், பிள்ளையின் டியூஷன் மிஸ் எல்லோரையும் ஜாமீன் ஆக்கிக்கொண்டது.

நிறுவிய உடனே வரிசையாக அனுமதிப் பெட்டிகள் வரும்: கேமரா, இருப்பிடம், எஸ்எம்எஸ், படங்கள், தொடர்புகள். எஸ்எம்எஸ் எதற்கு என்றால், வங்கியிலிருந்து வரும் செய்திகளைப் படித்துச் சம்பளம் எவ்வளவு, வேறு எங்கே கடன் இருக்கிறது என்று கணக்குப் போட. தொடர்புகள் எதற்கு என்றால், ‘கடன் தகுதியை மதிப்பிட’ என்று எழுதியிருப்பார்கள். எதையாவது மறுத்தால் அடுத்த திரைக்குப் போகவே முடியாது. மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு மூவாயிரம் ரூபாய்க்கு விண்ணப்பிப்பவர் அந்த இடத்தில் நிதானமாக யோசிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் அவர்மேல் பழி போடும் பேச்சு எனக்கு ஒப்பாது.

அனுமதி கிடைத்ததும் பட்டியல் சர்வருக்குப் போய்விடும். ஆயிரம் பெயரும் எண்ணும் சேர்ந்தாலும் வெறும் எழுத்துதானே. நூறு கேபி தாண்டாது. காலையில் குடும்பக் குரூப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதைவிடக் கனமானது. போன் சூடாகாது, டேட்டா தீராது. பிறகு அனுமதியை ரத்து செய்தாலும், செயலியையே நீக்கினாலும், போன பிரதி போனதுதான்.

2020 டிசம்பர் 23 அன்று ரிசர்வ் வங்கி இந்தச் செயலிகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அதே மாதம் தெலங்கானா போலீசார் கடன் வசூல் கால் சென்டர்களைச் சோதனையிட்டார்கள். 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் பெங்களூருக்குப் போய் சீன நாட்டவர் இருவர் உட்படச் சிலரைக் கைது செய்தார்கள். ரிசர்வ் வங்கி ஒரு செயற்குழு அமைத்தது. 2021 ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டே மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆப் ஸ்டோர்களைத் தேடியதில், இந்திய ஆண்ட்ராய்டு பயனர்களுக்குக் கிடைக்கும் கடன் செயலிகள் ஏறத்தாழ 1,100 இருப்பதாகவும், அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்றும் அந்தக் குழு கண்டது. பாதிக்கு மேல்.

‘அம்மா ஜியோ’, ‘சீட்டு அக்கா’

தொடர்புப் பட்டியல் என்றால் வெறும் எண்கள் என்று நினைப்போம். யாருடைய போனையாவது வாங்கி மேலிருந்து கீழே தள்ளிப் பாருங்கள். அம்மா ஜியோ. அம்மா பழசு. அப்பா. ஈபி லைன்மேன். கேஸ் புக்கிங். சீட்டு அக்கா. டாக்டர் குழந்தை வீசிங். பிளட் ஓ நெகட்டிவ் குமார். மாமா சவுதி. லதா மிஸ் டியூஷன். வக்கீல் டைவர்ஸ். எடுக்காதே.

ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் இதில் இருக்கிறது. குழந்தைக்கு மூச்சுத்திணறல், மாதாந்திரச் சீட்டு, வெளிநாட்டில் ஒரு மாமா, நடந்துகொண்டிருக்கும் ஒரு விவாகரத்து. அதிலும் விவாகரத்து இந்தப் போன்காரருடையதா, அவர் தங்கையுடையதா என்று தெரியாது. குமாரின் ரத்த வகை குமாருக்குத் தெரியாமலேயே இவர் போனில் இருக்கிறது. வசூல்காரருக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. யாரைக் கூப்பிட்டால் அவமானம் அதிகம் என்று அவர் துப்பறிய வேண்டியதில்லை. ‘மேனேஜர் சார்’ என்று எழுதியே வைத்திருக்கிறோம்.

பெயர், எண் தவிர மின்னஞ்சல், பிறந்தநாள், வீட்டு முகவரி, புகைப்படம், குறிப்பு என்று ஒரு பதிவில் பல இடங்கள் உண்டு. இதற்கு மேலே ஒன்று: யாரை எத்தனை முறை தொடர்பு கொண்டீர்கள், கடைசியாக எப்போது என்பதையும் ஆண்ட்ராய்டு முன்பு தொடர்புப் பதிவோடு சேர்த்தே வைத்திருந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இல்தான் அந்தக் கணக்கை நிறுத்தினார்கள். அதுவரை தொடர்பு அனுமதி பெற்ற ஒரு செயலி, உங்களுக்கு நெருக்கமானவர் யார் என்பதையும் அறிய முடிந்தது.

அனுமதியை யார் கொடுத்தார் என்பதும் பல சமயம் தெளிவில்லை. நம் ஊரில் வயதானவர்கள் புதுப் போன் வாங்கினால், கடையில் இருக்கும் தம்பிதான் சிம் போட்டு, பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றி, நான்கைந்து செயலிகளை ஏற்றி, வருகிற பெட்டிகளுக்கெல்லாம் ‘அலோ’ கொடுத்துக் கையில் தருவார். அவருக்கு அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார். நூற்றுக்கணக்கான பேருடைய எண்ணுக்கான சம்மதம் அந்தக் கண்ணாடி மேசைமேல் இப்படித்தான் கொடுக்கப்படுகிறது.

335 பேர், ஐந்தரை லட்சம் பேர்

கடன் செயலிகள் இந்த வழியைக் கண்டுபிடிக்கவில்லை. அவை வந்தபோது வழி ஏற்கெனவே தேய்ந்த தடமாக இருந்தது.

2012 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இருந்த அருண் தம்பி என்ற மென்பொருள் பொறியாளர், ‘பாத்’ என்ற சமூக வலைச் செயலி தன் ஐபோனிலிருந்து வெளியே என்ன அனுப்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகவரிப் புத்தகம் முழுவதும், பெயர், எண், மின்னஞ்சலோடு, நிறுவனத்தின் சர்வருக்குப் போயிருந்தது. அனுமதி கேட்கவே இல்லை. நண்பர்கள் யாராவது ‘பாத்’தில் இருக்கிறார்களா என்று கண்டுபிடித்துத் தரத்தான் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது, மன்னிப்புக் கேட்டது, சேர்த்த பட்டியல்களை அழித்தது. இன்னும் சில செயலிகளும் அதையே செய்துகொண்டிருந்தது பிறகு வெளிவந்தது. அதே ஆண்டு வந்த ஐஓஎஸ் 6-இல்தான், தொடர்புகளைத் தொடும் செயலி பயனரிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் கட்டாயமாக்கியது. ஆண்ட்ராய்டில் அனுமதிகள் முன்பே இருந்தன. ஆனால் நிறுவும்போது மொத்தமாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் செயலியே வேண்டாம் என்று போக வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது வந்தது.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம். அது தொடர்புப் பட்டியல் விவகாரம் இல்லை, ஃபேஸ்புக் நண்பர் பட்டியல். ஆனால் கணக்கு ஒன்றுதான். ஒரு வினாடி வினாச் செயலியை நிறுவியவர்களின் நண்பர்களுடைய தகவல்களையும் அதை எழுதியவர் எடுத்துக்கொள்ள அன்று ஃபேஸ்புக் இடம் கொடுத்திருந்தது; அவரிடமிருந்து அவை அந்த நிறுவனத்துக்குப் போயின. இந்தியாவைப் பற்றி ஃபேஸ்புக் 2018-இல் சொன்ன எண்ணிக்கை இது: செயலியை நிறுவியவர்கள் 335 பேர், பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். சராசரியாக ஒருவர் தொட்ட ‘சரி’க்குப் பின்னால் 1,600-க்கும் மேற்பட்டோர். அந்த 335 பேர் போக மீதி ஐந்தரை லட்சம் பேரில் எவரும் எந்தப் பெட்டியிலும் எதையும் தொடவில்லை. தனியுரிமையை ஒவ்வொருவரும் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று யாராவது வாதிட்டால் நான் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் எண்களும் பெயர்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. அதன் மூலமும் தொடர்புப் பட்டியல் வசதிதான். ‘உங்கள் கான்டாக்ட்ஸைக் கொடுங்கள், ஃபேஸ்புக்கில் இருக்கும் நண்பர்களைக் காட்டுகிறோம்’ என்ற வசதியில், பொய்யாக உருவாக்கிய எண் பட்டியல்களை அள்ளிக் கொட்டி, எந்த எண் எந்தக் கணக்குக்கு உரியது என்று யாரோ 2019-க்குள் உருவி எடுத்திருந்தார்கள். இதற்காக அயர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

அதே ஆணையம் அதற்கு முந்தைய ஆண்டு வாட்ஸ்அப்புக்கு விதித்த 22.5 கோடி யூரோ அபராதம் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. தகவல்களை எப்படிக் கையாள்கிறோம் என்று தெளிவாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்த விசாரணையில் வாட்ஸ்அப்பே பயன்படுத்தாதவர்களும் வந்தார்கள். நீங்கள் வாட்ஸ்அப்பை நிறுவித் தொடர்பு அனுமதி கொடுத்தால், அதில் இல்லாத உங்கள் சித்தப்பாவின் எண்ணும் போகிறது. எண்ணை அப்படியே வைத்துக்கொள்வதில்லை, ‘ஹாஷ்’ எனும் கலவைக் குறியீடாக மாற்றிவிடுகிறோம் என்பது நிறுவனத்தின் பதில். அப்படி மாற்றினாலும் அது தனிநபர் தரவுதான் என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

எண்ணை ஹாஷ் செய்துவிட்டோம் என்று எந்த நிறுவனம் சொன்னாலும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்திய மொபைல் எண்ணில் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9-இல் ஒன்று. ஆகவே இருக்கக்கூடிய எண்கள் அதிகபட்சம் 400 கோடி. மனிதருக்குப் பெரிய எண்ணிக்கை, கணினிக்கு இல்லை. எளிய ஹாஷ் முறை என்றால் 400 கோடியையும் ஒவ்வொன்றாக மாற்றி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல கணினிக்கு நிமிடக் கணக்குதான் ஆகும். கடவுச்சொல்லுக்கு ஹாஷ் தரும் பாதுகாப்பைப் போன் எண்ணுக்கு அது தராது. சிக்னல் செயலி இதற்காகவே, சர்வரை நடத்துபவர்களே எட்டிப் பார்க்க முடியாத பூட்டிய பகுதிக்குள் எண்களை ஒப்பிடும் முறையை 2017 முதல் உருவாக்கி வந்திருக்கிறது. முடியாத காரியம் இல்லை. செலவு பிடிக்கும், அவ்வளவே.

இந்த வரிசையில் அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளையும் சேர்க்க வேண்டும். உலகம் முழுக்கப் பலவகை உண்டு. ‘கெட்கான்டாக்ட்’ போன்ற சில, உங்கள் எண்ணை மற்றவர்கள் என்ன பெயரில் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதையே காட்டும். ‘டைல்ஸ் வேலை செல்வம்’ என்றால் சிரிக்கலாம். ‘ஏமாத்துக்காரன்’ என்றோ, ஒரு பெண்ணின் எண்ணுக்கு யாரோ வன்மத்தோடு வைத்த பெயரோ வந்தால்? அந்தரங்கமாகக் கிறுக்கி வைத்தது ஊருக்கே அறிவிப்புப் பலகை ஆகிவிடுகிறது.

ஸ்பாம் தொல்லையால் இந்தச் செயலிகள் இல்லாமல் முடியவில்லை என்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இதற்கு மாற்றாக, சிம் வாங்கும்போது கொடுத்த விண்ணப்பத்தில் உள்ள பெயரைத் தொலைத்தொடர்பு நிறுவனமே காட்டும் முறையை 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. யாருடைய தொடர்புப் பட்டியலும் இதற்குத் தேவையில்லை என்பது நல்ல விஷயம். ஆனால் நம் வீடுகளில் மனைவியின் சிம் கணவர் பெயரில், அம்மாவின் சிம் மகன் பெயரில் இருப்பது சகஜம். வீட்டு உரிமையாளரைக் கூப்பிடும் ஒரு பெண்ணுக்குத் தன் முழுப்பெயர் திரையில் தெரிய வேண்டாம் என்றும் தோன்றலாம். அப்புறம் அதற்கு ஒரு வழி தேட வேண்டும்.

கேட்கும் உரிமை யாருக்கு?

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதை நடைமுறைப்படுத்தும் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆகஸ்ட் ஆனது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே வாக்கில்தான் அவை உயிர்பெறும்.

சட்டத்தில் நல்ல அம்சங்கள் இருக்கின்றன. சம்மதம் என்பது சுதந்திரமாக, குறிப்பான ஒரு நோக்கத்துக்கு, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல் கொடுக்கப்பட வேண்டும். சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்க வழி இருக்க வேண்டும். தமிழும் அதில் வருகிறது. ஆறாம் பிரிவில் ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். தொலைமருத்துவச் செயலி ஒன்று, மருத்துவ சேவைக்கான தகவலோடு தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சம்மதிக்கிறார். வைத்தியம் பார்க்கத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் மருத்துவ சேவைக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். எழுதியவர்கள் மனதில் கடன் செயலிகள் இருந்தனவோ என்னவோ, உதாரணத்துக்குத் தொடர்புப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தது சரியான இடத்தில் கைவைத்தது போலிருக்கிறது.

ஆனால் அந்த உதாரணத்திலும் பேச்சு செயலியை நிறுவியவரின் சம்மதத்தைப் பற்றியதுதான். பட்டியலில் இருந்த மற்றவர்கள்?

நான் உங்கள் எண்ணை என் போனில் சேமிப்பது என் சொந்த, வீட்டு உபயோகம். சட்டம் அதற்கு விலக்கு அளிக்கிறது, அளிக்கத்தான் வேண்டும். நம்பர் சேமிக்கப் படிவம் நிரப்பச் சொன்னால் யாரும் வாழ முடியாது. அந்த எண் என் போனிலிருந்து ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும்போது அது வீட்டு உபயோகம் இல்லை. அந்த நிறுவனம் உங்கள் தகவலை உங்கள் சம்மதம் இல்லாமல் வைத்திருக்கிறது. சரி, ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று நீங்கள் கேட்கலாமா? பதினோராம் பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது. யாரிடம் கேட்கலாம் என்றால், முன்பு நீங்கள் சம்மதம் கொடுத்த நிறுவனத்திடம். திருத்தவும் அழிக்கவும் கேட்கும் பன்னிரண்டாம் பிரிவும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீங்களோ சம்மதமே கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு, போடாதவருக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இது.

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இதை வேறு விதமாக அணுகுகிறது. ஒருவரின் தகவல் அவரிடமிருந்து நேரடியாகப் பெறப்படாமல் வேறு வழியில் வந்திருந்தால், அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கென்றே பதினான்காம் பிரிவு இருக்கிறது; பொதுவாக ஒரு மாதத்துக்குள். கேட்கும் உரிமையும் சம்மதம் கொடுத்தவரோடு நிற்பதில்லை. வாட்ஸ்அப் வழக்கில் வாட்ஸ்அப் இல்லாதவர்கள் கணக்கில் வந்ததற்குக் காரணம் அதுதான்.

நம் ஊரில் இந்த இடைவெளியை அடைத்தது தனியுரிமைச் சட்டம் அல்ல, ரிசர்வ் வங்கி. எண்ணியல் கடன் வழிகாட்டுதல்களை 2022 செப்டம்பரில் அது வெளியிட்டது. கடன் செயலிகள் கோப்புகள், படங்கள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடவே கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றைக்கூட வாடிக்கையாளரைச் சேர்க்கும்போதும் கேஒய்சி-க்கும் மட்டும், வெளிப்படையான சம்மதத்தோடு ஒருமுறை பயன்படுத்தலாம் என்று அது சொன்னது. சம்மதம் வாங்கினால் போதும் என்று விடாமல், சம்மதித்தாலும் எடுக்காதே என்று சொன்னதுதான் இதில் முக்கியம். கூகுளும் 2023 மே மாதக் கடைசியிலிருந்து, தனிநபர் கடன் செயலிகள் தொடர்புகளையோ படங்களையோ கேட்டால் பிளே ஸ்டோரில் இடமில்லை என்று கொள்கையை மாற்றியது. 2025 ஜூலை முதல், முறைப்படி இயங்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது.

இதெல்லாம் வாசல் வழியாக வருபவர்களுக்கு. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் லிங்க் அனுப்பி, பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாக ஏபிகே கோப்பாக ஏற்றச் சொல்பவர்கள் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையைப் படிக்கப் போவதில்லை.

போன் இன்று எவ்வளவு தூரம் உதவுகிறது

முன்பைவிட நிறையவே. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் அனுமதி நிர்வாகி என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் தொடர்புகள் என்பதைத் தொட்டால், பட்டியலைப் பார்க்க அனுமதி பெற்ற செயலிகள் எல்லாம் வரிசையாக நிற்கும். போட்டோ எடிட்டர், டார்ச், ஒருமுறை மட்டும் பயன்படுத்திய டெலிவரி செயலி என்று அங்கே வேலையே இல்லாதவை இருக்கலாம். நீக்கினால் பெரும்பாலும் எதுவும் நின்றுபோகாது. பல மாதம் திறக்காத செயலிகளின் அனுமதியைத் தானாகவே ரத்து செய்யும் வசதி 2020-இல் ஆண்ட்ராய்டு 11-இல் வந்தது. 2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இல் ஒரு செயலிக்கு முழுப் பட்டியலையும் கொடுக்காமல், நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிலரை மட்டும் காட்ட முடியும். பன்னிரண்டு ஆண்டு பிடித்திருக்கிறது, முகவரிப் புத்தகம் ‘எல்லாம் அல்லது எதுவுமில்லை’ என்பதிலிருந்து இறங்கி வர.

ஒரு எண்ணை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய செயலிக்கு முழு அனுமதி தேவையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரீசார்ஜ் செய்யவோ பணம் அனுப்பவோ ஒருவரைத் தேர்வு செய்ய, போனின் சொந்தத் தேர்வுத் திரையையே செயலி பயன்படுத்தலாம். நீங்கள் தொட்ட அந்த ஒருவரின் விவரம் மட்டும் அதற்குப் போகும். ஆண்ட்ராய்டில் இந்த வழி பல காலமாக இருக்கிறது. இருந்தும் முழுப் பட்டியலைக் கேட்பது நிறுவனத்தின் விருப்பம். அதனால் ‘அனுமதி இல்லாமல் வேலை செய்யாது’ என்று ஒரு செயலி சொன்னால், வேலை செய்யாதபடி எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சேமிக்கும் விதத்திலும் கொஞ்சம் கவனம் வைக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் நோயையோ வழக்கையோ எழுதி வைக்க வேண்டியதில்லை. பழைய பணியாளர், ஒரே ஒரு முறை வந்த பிளம்பர், யாரென்றே நினைவில்லாத ‘ரவி 3’ எல்லாம் அங்கே கிடக்கத் தேவையில்லை. இதனால் பெரிய மாற்றம் வராது என்பது உண்மைதான். உங்கள் எண் இன்னும் நானூறு பேருடைய போனில் இருக்கிறது; அவர்கள் எதைத் தொடுகிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

ஆகவே அந்த அழைப்பு உங்களுக்கு வரக்கூடும். வந்தால் தெரிந்திருக்க வேண்டியவை சில. நீங்கள் சட்டப்படி ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை அந்தக் கடனுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை; ‘பாதியாவது கட்டி முடித்துவிடுங்கள்’ என்பதற்கு மசிய வேண்டாம். எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அது முறைப்படியான வங்கியோ நிதி நிறுவனமோ என்றால், 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி அவர்களைக் கட்டுப்படுத்தும். கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் தனியுரிமையில் தலையிடுவதை அது பெயர் சொல்லியே தடை செய்கிறது. கையெழுத்துப் போடாதவருக்கு நேரடியாகப் பாதுகாப்புத் தரும் அரிதான வாசகங்களில் இது ஒன்று. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுதி, முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

நிறுவனத்தின் பெயரையே சொல்லாமல் மிரட்டினால் அது சைபர் குற்றம். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் செய்யலாம். அனுமதி இல்லாத கடன் நிறுவனங்களைப் பற்றிச் சொல்ல ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளமும் இருக்கிறது.

கடன் வாங்கியவரின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி மார்ஃப் செய்த படம் உங்களுக்கு வந்தால், கோபத்திலோ அக்கறையிலோ அதை வேறு யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி குற்றம். நல்லெண்ணத்தில் ஃபார்வேர்டு செய்தவரும் சிக்கலாம். அனுப்பிய எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு கடன் வாங்கியவரை நீங்களே கூப்பிடுங்கள். அவர் அன்று எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பார் என்று தெரியாது, அதனால் இன்னொரு திட்டாக இல்லாமல். எந்த எண்ணிலிருந்து என்ன வந்தது என்று சொல்லுங்கள். ஸ்டேஷனில் புகார் எழுதும்போது அந்த விவரம் அவருக்குத் தேவைப்படும்.